கணக்கு வராத பிள்ளை உண்டோ?

பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் ஆண்டுதோறும் நாம் கேட்கும் சொல் ஒன்றுண்டு. "ஐயா, என் மகனுக்குத் தமிழ் நன்றாக வரும், மலாயும் ஒருவாறு வரும், கணக்குத்தான் வராது" என்பதே அது. சொல்பவரின் குரலில் வருத்தம் இருக்கும். ஆயினும் வியப்பு இராது. நிறம் இன்னது, உயரம் இன்னது என்று கூறுவதுபோலக் கணக்கு வராமையும் பிறவியில் அமைந்துவிட்ட ஒன்றென அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அருகில் நிற்கும் பிள்ளையும் அதனைக் கேட்டுத் தலை குனிகிறது. அன்று முதல் அச்சொல் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விழைவது ஒன்றே. ஒரு வகுப்பில் அமர்ந்துள்ள பிள்ளைகள் ஒரே வயதினராயினும் கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர் அல்லர். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டறிந்து, அப்படியிலிருந்தே அதனைக் கைப்பிடித்து ஏற்றுவது நம் கடமை. எல்லாரும் ஒரே உயரத்தை எட்டிவிடுவர் என்று நாம் கூறவில்லை. இன்று நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறமாட்டாத பிள்ளை இல்லை என்றே கூறுகிறோம்.

எண்ணும் கண்ணும்

திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தில் எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகக் காட்டினார். அவற்றுள் எண்ணையே முதற்கண் வைத்தார். இதனை நாம் மேடைதோறும் எடுத்தாள்கிறோம். ஆனால், அவ்வுவமையின் பொருளை முற்றாக எண்ணிப் பார்த்தோமா?

பிள்ளைக்குப் பார்வை மங்கினால் நாம் என் செய்கிறோம்? "உனக்குப் பார்வை வராது" என்று சொல்லி விட்டுவிடுவதில்லை. பிரம்பை எடுப்பதும் இல்லை. மலாக்கா பட்டணத்திற்கு அழைத்துச் சென்று, சோதித்துப் பார்த்து, ஏற்ற கண்ணாடி வாங்கித் தருகிறோம். ஒருவன் கண்ணாடி மற்றொருவனுக்கு உதவாது என்பதும் நமக்குத் தெரியும். எண் என்னும் கண் மங்கியிருக்கும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே கண்ணாடியை மாட்டிவிட்டு, தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்வது எவ்வகையில் முறையாகும்?

தோட்டமும் கணக்கும்

மலாயாவில் வணிக முறையில் ரப்பர் முதன்முதலாக நடப்பெற்றது நம் மலாக்கா மண்ணில்தான். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பார் அதனைத் தொடங்கினார். பின்னர்க் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் அத்தோட்டங்களில் நிரை பிடித்துப் பால் வெட்டினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததேயன்றிப் பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தந்துவிடவில்லை. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் சொல்லிக்கொடுத்ததே பல தோட்டங்களில் கல்வி எனப்பட்டது.

அதன் விளைவு யாது? எழுதியதே கணக்கு, நிறுத்துச் சொன்னதே நிறை என்று நம்பித் தொழிலாளி கைநாட்டு வைத்தான். இக்கால அளவையில் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒருவர் கொண்டுவந்த பாலின் எடை 20 கிலோ. அதில் உலர் ரப்பர் 30 விழுக்காடு எனில் 6 கிலோ ஆகும். அதனையே 25 விழுக்காடு என்று எழுதிவிட்டால் 5 கிலோ ஆகும். நாளொன்றுக்கு ஒரு கிலோ குறைந்தால், 26 நாள் வேலைக்கு 26 கிலோ போய்விடும். விழுக்காடு என்னும் ஒரு பாடம் தெரியாமற் போனால் தொழிலாளியின் வியர்வையில் இத்துணை பங்கு கரைந்து போகும்.

இன்று செங் வட்டாரத்தில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை இருந்த இடத்தில் தொழிற்சாலை நிற்கிறது. ஆயினும் கணக்கறியாதவரைச் சுரண்டும் வழிகள் குறைந்தபாடில்லை. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று 1,000 வெள்ளி கடன் வாங்குபவர், முதலில் ஒரு காசும் குறைக்காமல் ஓராண்டு வட்டி மட்டும் கட்டினால் 1,200 வெள்ளி கட்டியிருப்பார். அதன் பின்னரும் 1,000 வெள்ளிக் கடன் அப்படியே நிற்கும். இக்கணக்கைக் கடன் வாங்கும் முன்னர்ப் போட்டுப் பார்த்தவர் வாங்கத் தயங்குவார். வாங்கிய பின்னர்ப் போட்டுப் பார்ப்பவர் கண்ணீர் விடுவார். ஆகவே, கணக்குத் தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று. நம்மைப் போன்ற உழைப்பாளர் குடும்பங்களுக்கு அதுவே காவல். அக்காவலை எந்தப் பிள்ளைக்கும் மறுக்க நமக்கு உரிமை இல்லை.

ஒரே கேள்வி, நான்கு பிழை

"52இலிருந்து 27ஐக் கழி" என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு கேள்வி கொடுப்போம். விடை 25 என்பதை யாவரும் அறிவர். நான்கு பிள்ளைகள் அதனைத் தவறாகச் செய்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது; ஒன்று 26 என்றும், ஒன்று 79 என்றும் எழுதியுள்ளன; நான்காவது பிள்ளை ஒன்றுமே எழுதவில்லை. நான்கு ஏட்டிலும் சிவப்பு மையில் ஒரே குறியை இட்டு மூடிவிடலாம். அவ்வாறு செய்தால் அந்நால்வரையும் பற்றி நாம் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை.

சற்று நின்று நோக்குங்கள். 35 என்று எழுதிய பிள்ளை, இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாமையால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. கழித்தல் அதற்குத் தெரியும். பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கும் இடமதிப்பு விளங்கவில்லை. அதன் கையில் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் கொடுத்து, 27ஐ எடு என்று சொன்னால், ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதை அதுவே கண்டுகொள்ளும்.

26 என்று எழுதிய பிள்ளை விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணியது. 52ஐயே முதல் எண்ணாகக் கொண்டதால் ஒன்று பிசகியது. அதற்கு இடமதிப்புப் பாடம் நடத்திப் பயனில்லை. கடைக்காரர் சில்லறை தரும் முறையை அதற்குக் காட்ட வேண்டும். 27இலிருந்து 30க்கு 3, 30இலிருந்து 50க்கு 20, 50இலிருந்து 52க்கு 2, ஆக 25. இவ்வழியில் விரல்களுக்கு வேலை குறையும். பிழைக்கும் இடம் குறையும்.

79 என்று எழுதிய பிள்ளை கூட்டிவிட்டது. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். குறியை நோக்கும் பழக்கமும், கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கமுமே அதற்குத் தேவை. ஒன்றும் எழுதாத பிள்ளையோ கரும்பலகையிலுள்ள எழுத்தைக் காண முடியாமல் இருந்திருக்கலாம், காது மந்தமாயிருக்கலாம், தவறாக எழுதினால் அடி விழும் என்று அஞ்சியிருக்கலாம். முன்வரிசையில் ஓரிடமும் அச்சம் தீர்க்கும் ஓர் இன்சொல்லும் அப்பிள்ளைக்கு முதல் மருந்து.

பிழை ஒன்றுபோல் தோன்றினும் காரணம் நான்கு. ஆகவே மருந்தும் நான்கு. நான்கு பேருக்கும் "இதே கணக்கை இருபது முறை எழுதி வா" என்று பணிப்பது, காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே மாத்திரை தருவது போன்றதாகும். மாலை வேளையில் டியூஷனுக்கு அனுப்பினாலும், அங்கும் அதே கணக்கு அதே வழியில் விரைவாக நடத்தப்படுமாயின், பிள்ளையின் களைப்புக் கூடுமேயன்றி அறிவு கூடாது.

மொழியில் ஒளிந்திருக்கும் இடர்

கணக்கு வராமை என்று நாம் கருதுவது சில வேளைகளில் மொழியால் விளையும் இடராக இருக்கும். தமிழ் எண்ணுப் பெயர்கள் பெரிதும் ஒழுங்கானவை. பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. எனினும் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தடுமாறுவர். எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு. அதன் உள்ளே நூறு என்னும் ஒலி இருக்கிறது. எண்ணூறுக்கு அடுத்து வருவது தொள்ளாயிரம். அதன் உள்ளே ஆயிரம் என்னும் ஒலி இருக்கிறது. காதால் கேட்டபடி எழுதும் பிள்ளை தொள்ளாயிரத்தை ஆயிரத்தின் மேல் ஏற்றிவிடும். அவ்வாறே முந்நூற்று நான்கைக் கேட்டு, 300ஐ எழுதி, அதன் பக்கத்தில் 4ஐ எழுதி, 3004 ஆக்கிவிடும். இது மடமையன்று. கேட்ட ஒலிக்கு உண்மையாக எழுதிய பிள்ளைக்கு எழுத்தின் விதி இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவே.

பிரச்சனைக் கணக்கில் இவ்விடர் இன்னும் பெரிதாகும். "கண்ணனிடம் 8 கோலிகள் உள்ளன. அவை முருகனிடம் உள்ளவற்றைவிட 3 அதிகம். முருகனிடம் எத்தனை?" என்று கேட்டால், "அதிகம்" என்னும் சொல்லைக் கண்டவுடன் 8உடன் 3ஐக் கூட்டி 11 என்று எழுதும் பிள்ளைகள் பலர். கண்ணன் கோலிகளை ஒரு வரிசையாகவும் முருகன் கோலிகளை அதன்கீழ் ஒரு வரிசையாகவும் வரையச் சொன்னால், யாரிடம் கூடுதல் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். 5 என்னும் விடை தானே வரும்.

நம் மொழி இடர் தருவதோடு நின்றுவிடவில்லை, துணையும் தருகிறது. கால் என்பது நான்கில் ஒரு பங்கு; அதில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு; அதிலும் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. அரைக்கால் என்னும் சொல்லே அரையையும் காலையும் பெருக்கிக் காட்டிவிடுகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற நம் முன்னோர் முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு வரையில் வாய்க்கணக்காகச் சொன்னார்கள். ஒரு தாளை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பெயர் சொல்லச் செய்தால், பின்னம் என்றவுடன் நடுங்கும் பிள்ளையும் மடிப்பை எண்ணி மகிழும்.

ஈராயிரத்தின் தொடக்கத்தில் நம் பிள்ளைகளுக்கு மொழிமாற்றமும் நேர்ந்தது. 2003ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தாய்மொழியில் எண்ணத் தொடங்கும் பிள்ளை பிறமொழியிலும் பின்னர் எண்ணிக்கொள்ளும். எண்ணவே தொடங்காத பிள்ளை எம்மொழியிலும் தவிக்கும். நம் மாணவர் இடைநிலைப்பள்ளியில் மலாய் வழிக் கணிதத்தை எதிர்கொள்ள வேண்டியவர்கள். ஆதலின் கருத்தைத் தமிழில் ஊன்றிவிட்டு, கலைச்சொற்களை ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில் மலாயிலும் அறிமுகம் செய்வது நலம் என்பது நம் துணிபு.

கையிலிருந்து கருத்துக்கு

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார், அறிவு குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலிருந்தே தம் பணியைத் தொடங்கினார். தொட்டும், அடுக்கியும், எண்ணியும் பார்க்கத்தக்க பொருள்களைக் கொண்டு அவர் கற்பித்தபோது அப்பிள்ளைகள் முன்னேறினர். பின்னர் 1907ஆம் ஆண்டில் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பிள்ளைகள் இல்லத்தைத் திறந்து, அதே முறையை ஏனைய பிள்ளைகளுக்கும் பயன்படுத்தினார். 1939ஆம் ஆண்டில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். பின்தங்கிய பிள்ளைக்கென ஆராய்ந்து கண்ட வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்வழியாயிற்று என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது. மெல்லக் கற்பவருக்காக நாம் செய்யும் முயற்சி விரைந்து கற்பவரின் நேரத்தைப் பறிக்கும் என்று அஞ்சுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புரூனர், கற்றல் செயலில் தொடங்கிப் படத்தின் வழியாகக் குறியீட்டை அடைகிறது என்றார். முதலில் கை; பின்னர்க் கண்; அதன் பின்னரே 5, 7, கூட்டல், கழித்தல் என்னும் குறிகள். சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1980களிலிருந்து இவ்வரிசையைப் பின்பற்றிக் கணிதத்தில் பெயர் பெற்றன. பெல்ஜிய நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் குயிசெனேர் ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான வண்ணக் கோல்களைச் செய்து எண்களைக் கையில் பிடிக்கக் கொடுத்தார். அவற்றை விலை கொடுத்து வாங்க இயலாத பள்ளி வருந்த வேண்டியதில்லை. ரப்பர்க் கொட்டைகளும் ஈர்க்குகளும் போத்தல் மூடிகளும் நம் வட்டாரத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால், கொட்டையை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. பத்தாகக் கட்டி, கட்டுகளைப் படமாக வரைந்து, படத்தை எண்ணாக எழுதும்வரை பிள்ளையைக் கொண்டு செல்ல வேண்டும். இடைப்படியாகிய படத்தைத் தாண்டிக் குதிப்பதாலேயே பிள்ளைகள் பலர் விழுகின்றனர்.

திட்டங்கள் தந்த பாடம்

நம் நாட்டில் இவ்வெண்ணம் புதிதன்று. 1983ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். என்னும் புதிய கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் அடிப்படையாக்கி, பின்தங்கியோருக்குக் குறைநீக்கல் போதனையும் முன்னேறியோருக்கு வளப்படுத்தும் போதனையும் வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டில் வந்த லினுஸ் திட்டம், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் எண்ணறிவும் எழுத்தறிவும் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தது. பின்தங்கியவர் இன்னார் என்று இளவயதிலேயே காட்டியது அதன் நன்மை. ஆயினும் மூன்றாம் ஆண்டில் தேறிய பிள்ளை, அதன்பின் பின்னமும் தசமமும் விரியும்போது மீண்டும் இடறக்கூடும். கண்டறியும் பணி மூன்றாம் ஆண்டோடு முடிந்துவிடலாகாது.

தமிழ்நாட்டிலும் இதே தேடல் நடந்தது. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. பிள்ளை அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் படிப்படியாக ஏறுவது அம்முறை. கொவிட் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விளைந்த இழப்பை ஈடுசெய்ய, 2022ஆம் ஆண்டில் "எண்ணும் எழுத்தும்" என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகள் தாம் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டுக் கற்பிக்கப்பட்டனர். பெயர்கள் இனியவை, அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்னும் நம்பிக்கை அவற்றிலேயே அடங்கியுள்ளது. ஆனால் நாம் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். அரும்பு என்று குறிக்கப்பட்ட பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பாகவே அமர்ந்திருக்குமாயின், கடைசி வாங்கு என்னும் பழைய இழிவுக்கு அது புதுப் பெயராகிவிடும். குழுக்களை மாதந்தோறும் மாற்ற வேண்டும். கழித்தலில் பின்தங்கிய பிள்ளை வடிவியலில் முன்குழுவில் அமர வேண்டும்.

நம் நாட்டிலும் 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், பிள்ளைகளின் படிப்பு நெடுநாள் கைப்பேசியை நம்பியிருந்தது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீட்டையும், ஆளுக்கொன்று இருந்த வீட்டையும் ஒன்றாக எண்ண முடியாது. ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கிடையே இருந்த இடைவெளி அக்காலத்தில் மேலும் விரிந்தது. நடுவில் ஒரு பிள்ளையைக் குறிவைத்துப் பாடம் நடத்தினால் இருபுறமும் பிள்ளைகள் விடுபட்டுப் போவர்.

முந்தி ஓடும் பிள்ளையும் சிறப்புத் தேவைப் பிள்ளையும்

பல்வகைத் தேவை என்றவுடன் பின்தங்கியவரை மட்டும் எண்ணுதல் குறையாகும். ஈரோட்டில் 1887ஆம் ஆண்டில் பிறந்த சீனிவாச இராமானுசன் கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவருக்கு வழி திறந்தது. 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. ஒரு துறையில் ஓங்கி மறுதுறையில் தாழும் பிள்ளைக்குப் பொதுச்சட்டம் பொருந்துவதில்லை. விரைந்து முடிக்கும் பிள்ளைக்கு அதே வகைக் கணக்கை இன்னும் பத்துக் கொடுப்பது தண்டனையாகும். "விடை 25 வரும்படி நீயே ஐந்து கேள்விகள் உருவாக்கு" என்பது அதற்கு விருந்தாகும்.

மறுபுறம், அறிவில் குறையில்லாதிருந்தும் எண்ணின் அளவு மனத்தில் தங்காத பிள்ளைகள் உண்டு. இதனை டிஸ்கல்குலியா என்பர். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ மூவர் முதல் எழுவர் வரை இவ்விடர் உடையவர் என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். இவர்களையும், பார்வை, செவி, கவனக் குறைபாடு உடையவர்களையும் வகுப்பாசிரியர் ஐயுறலாம், முடிவு கூறலாகாது. முடிவு கூறுவது மருத்துவர் பணி. சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கக் கிளினிக்கில் சோதித்து, சமூக நல இலாகாவில் பதிந்து, மாவட்டக் கல்வி இலாகாவின் வழியாக உரிய இடம் பெறலாம். அட்டை வாங்கினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இன்னமும் உள்ளனர். அட்டை பிள்ளையைக் குறைப்பதில்லை. பிள்ளைக்கு உரிய உதவியைக் கேட்டுப் பெறும் சீட்டு அது. மூடி மறைத்து ஆறாண்டுகள் கழிந்தபின் இடைநிலைப்பள்ளி வாயிலில் நின்று கலங்குவதினும், இரண்டாம் ஆண்டிலேயே கேட்டறிவது மேலன்றோ?

இயலுமா என்பார்க்கு

"ஓர் ஆசிரியர் இத்தனை பேருக்கும் தனித்தனியே கற்பிக்க முடியுமா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. ஆளுக்கொரு பாடம் நடத்துமாறு நாம் கூறவில்லை. பாடம் ஒன்றே, அதற்கு மூன்று வாயில்கள் வைத்தல் போதும். கழித்தல் பாடமாயின், ஒரு குழு ஈர்க்குக் கட்டோடும், ஒரு குழு எண்கோட்டுப் படத்தோடும், ஒரு குழு பிரச்சனைக் கணக்கோடும் அமரட்டும். வாய்பாடு மனத்தில் தங்காத பிள்ளைக்கு வாய்பாட்டு அட்டையை மேசையில் வைத்துக்கொள்ள இசைவு தருவோம். 7 பெருக்கல் 8 மறந்துபோனால், 5 பெருக்கல் 8 நாற்பது, 2 பெருக்கல் 8 பதினாறு, ஆக 56 என்று சேர்த்துக்கொள்ளக் கற்பிப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, அதனைத் தனியே அமர்த்தி, "நீ எப்படிச் செய்தாய்?" என்று வாய்விட்டுச் சொல்லக் கேட்போம். தாள் சொல்லாததை அப்பத்து நிமிடம் சொல்லிவிடும். நம் தமிழ்ப்பள்ளிகள் பல சிறியவை. பிள்ளைகள் தொகை குறைவென்று கவலைப்படுகிறோம். ஒவ்வொரு பிள்ளையின் முகமும் வீடும் ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது அச்சிறுமையால் வந்த செல்வம். அதனைப் பயன்படுத்தாமல் விடுவது நம் குறையாகும்.

பெற்றோர் பெருமக்களே!

2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபின், எத்தனை "ஏ" என்று கேட்கும் வழக்கம் போயிற்று. வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. மூன்றாம் நிலை குறைந்தளவுத் தேர்ச்சி. அட்டையில் 1 அல்லது 2 என்று கண்டால், கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதோடு நில்லாதீர்கள். பள்ளிக்கு வாருங்கள். "என் பிள்ளைக்கு எது தெரியும்? அடுத்து எது தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். அவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்வது எங்கள் கடன்.

வீட்டிலே நீங்கள் செய்யத்தக்கவை பல. நீங்கள் படித்தது ஆறாம் வகுப்பே ஆயினும் தயங்க வேண்டாம். சம்பளச் சீட்டைப் பிள்ளையின் முன் விரித்து, பிடித்தம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பினால் மீதியை முன்கூட்டியே கணித்து வரச் சொல்லுங்கள். செம்பனைக் குலைகளை எண்ணும் தந்தையும், அரிசி அளக்கும் தாயும், கோலப் புள்ளி வைக்கும் பாட்டியும் கணித ஆசிரியரே. கண்ணையும் காதையும் ஆண்டுக்கொரு முறை சோதித்து வாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது" என்னும் சொல்லைப் பிள்ளையின் காதில் விழவிடாதீர்கள். "இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். "இன்னும்" என்னும் ஒரு சொல்லில் நாளைக்கு இடமிருக்கிறது.

மாணவச் செல்வங்களே!

உங்களில் சிலர் மெல்ல நடப்பீர்கள், சிலர் ஓடுவீர்கள். மெல்ல நடப்பவரைப் பார்த்து ஓடுபவர் நகைக்க வேண்டாம், நின்று சொல்லிக்கொடுங்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு உங்களுக்கும் மறவாது. விளங்காதபோது கையை உயர்த்தி "விளங்கவில்லை, ஐயா" என்று சொல்லுங்கள். அதற்காக நம் பள்ளியில் எவரும் உங்களைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்துகொண்டால் தலைமையாசிரியரிடம் வந்து கூறுங்கள். ஒரு வழியில் விளங்காததை மறு வழியில் சொல்ல உங்கள் ஆசிரியர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள். வரும் ஆண்டில், நம் பள்ளியின் எந்த வகுப்பிலும் "இவனுக்குக் கணக்கு வராது" என்னும் சொல் ஒலியாதிருக்க ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் ஒன்றுபட்டு முனைவோமாக.